குழந்தைகள் பகல்நேரக் காப்பகத்தைத் தெரிவு செய்தல்

குழந்தைகள் பகல்நேரக் காப்பகம் என்பது, பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளை வீட்டுக்கு வெளியே வைத்துப் பராமரிக்கும் இடமாகும். தமிழ்நாட்டு நகரங்களில் இது பெரும்பாலும் 'டே கேர்' என்றும் 'கிரச்' என்றும் அழைக்கப்படுகிறது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இதற்குப் 'பிள்ளைக் காம்பரா' என்ற பெயர் வெகுகாலமாக வழங்கி வருகிறது. காப்பகத்தைத் தெரிவு செய்வது பள்ளியைத் தெரிவு செய்வது போன்றதன்று. ஆறு வயதுக் குழந்தை மாலையில் வீடு திரும்பியதும் அன்று நடந்ததைத் தானே சொல்லிவிடும். அடி வாங்கியிருந்தாலும் பசியோடு இருந்திருந்தாலும் வீட்டுக்குத் தெரிந்துவிடும். பத்து மாதக் குழந்தையால் எதையும் சொல்ல முடியாது. எனவே பின்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை எல்லாம் பெற்றோர் முன்கூட்டியே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பின்னணி

இன்றைய பொருளிலான முதல் காப்பகத்தை 1844 ஆம் ஆண்டில் பாரிசில் பிர்மின் மார்போ என்பவர், வேலைக்குச் செல்லும் ஏழைத் தாய்மாரின் குழந்தைகளுக்காகத் தொடங்கினார். இந்தியாவில் 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் பெண்கள் பலர் வேலை செய்யும் இடங்களில் காப்பகம் இருக்க வேண்டும் என்றன. கட்டுமானத் தொழிலாளரின் குழந்தைகளை முதன்முதலில் பெரிய அளவில் கவனித்த அமைப்பு மொபைல் கிரச்சசு ஆகும். 1969 இல் தில்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை நடந்த இடத்தில், மண்ணிலும் வெயிலிலும் கிடந்த கைக்குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் அதைத் தொடங்கினார். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் அங்கன்வாடிகள் வந்தன.

நடுத்தர வகுப்பினர் கட்டணம் செலுத்தும் தனியார் காப்பகங்களுக்குப் பெருமளவில் வரத் தொடங்கியது இதற்கெல்லாம் பிறகுதான். பாட்டி, தாத்தா, அத்தை என்று வீட்டில் எப்போதும் ஒருவர் இருந்த நிலை மாறியதும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்வதும் இதற்குக் காரணங்களாகும்.

பராமரிப்பவர் யார்?

காப்பகத்தைப் பார்க்கச் செல்லும் பெற்றோரைப் பொதுவாக அதன் உரிமையாளரோ பொறுப்பாளரோ வரவேற்றுச் சுற்றிக் காட்டுகிறார். அவர் படித்தவராகவும் நன்றாகப் பேசுபவராகவும் இருப்பார். ஆனால் குழந்தைக்குச் சோறூட்டுவதும், டயப்பர் மாற்றுவதும், அழும்போது தூக்குவதும் பெரும்பாலும் அவரல்லர். அந்த வேலைகளைச் செய்பவர் 'ஆயாம்மா' அல்லது 'அக்கா' என்று அழைக்கப்படும், அறையின் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கும் பெண் ஆவார். சேர்க்கையைப் பற்றிப் பேசும்போது பெற்றோர் அவரிடம் ஒரு சொல்கூடப் பேசாமல் திரும்பிவிடுவது வழக்கமாக இருக்கிறது. உண்மையில் தெரிவு செய்யப்படுவது அவர்தான்.

சிறு குழந்தைக்கும் அதைப் பராமரிப்பவருக்கும் இடையே உருவாகும் பற்றுதலைப் பற்றிய ஆய்வுகள் பிரித்தானிய மனநல மருத்துவர் ஜான் பவுல்பி 1951 இல் உலக சுகாதார அமைப்புக்கு எழுதிய அறிக்கைக்குப் பிறகு வளர்ந்தன. அவருடன் பணியாற்றிய சேம்சு ராபர்ட்சனும் அவர் மனைவி சாய்சும் 1969 இல் ஓர் ஆவணப்படத்தை வெளியிட்டனர். தாய் இரண்டாவது பிரசவத்துக்காக மருத்துவமனைக்குச் சென்றிருந்த ஒன்பது நாள்கள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்ட 17 மாதச் சிறுவன் சானைப் பற்றியது அப்படம். அங்கிருந்த பணிப்பெண்கள் கொடுமைக்காரர்கள் அல்லர், அன்பானவர்களே. ஆனால் அவர்களுக்கு வேலைதான் பங்கிடப்பட்டிருந்தது, குழந்தைகள் பங்கிடப்படவில்லை. குளிப்பாட்டுபவர் ஒருவர், ஊட்டுபவர் மற்றொருவர். சான் ஒவ்வொருவரையும் நெருங்கிப் பார்த்தான். நெருங்கியவர் சற்று நேரத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். நாள்கள் செல்லச் செல்ல அழுதான், சாப்பிட மறுத்தான். கடைசியில் தாய் வந்தபோது அவரிடமிருந்தே திமிறி விலகினான். பகல்நேரக் காப்பகத்தில் குழந்தை மாலையில் வீடு திரும்பிவிடுவதால் இதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. இருந்தாலும் 'இந்தக் குழந்தைக்கு இவர்' என்று ஒருவர் இருக்கிறாரா என்ற கேள்வி அங்கும் எழுகிறது.

இதே காலத்தில் அங்கேரியின் புடாபெசுட்டு நகரில், 1946 இல் தாம் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் மருத்துவர் எம்மி பிக்லர் வேறொரு முறையைக் கையாண்டு வந்தார். அங்கு ஒவ்வொரு பணிப்பெண்ணுக்கும் குறிப்பிட்ட சில குழந்தைகள் ஒப்படைக்கப்பட்டனர். உடை மாற்றுவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது ஆகியவை அவசரமாக முடிக்க வேண்டிய வேலைகளாகக் கருதப்படவில்லை. குழந்தையோடு பேசும் நேரமாக அவை கருதப்பட்டன. 'இப்போது கையைத் தூக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் கையைத் தூக்கினர். காப்பகத்தைப் பார்வையிடுபவர் கவனிக்கத் தக்க மிகச் சிறந்த காட்சியும் இதுவே. டயப்பர் மாற்றும்போது ஆயா குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாரா, அதன் பெயரைச் சொல்லிப் பேசுகிறாரா, அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே மூட்டையைப் புரட்டுவது போலப் புரட்டுகிறாரா என்பது சுவர் ஓவியங்கள் சொல்லாதவற்றைச் சொல்லிவிடும்.

அன்பான ஆயாவாலும் ஓரளவுக்குமேல் குழந்தைகளைக் கவனிக்க முடியாது. பணியிடக் காப்பகங்களுக்காக இந்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2018 இல் வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டு நெறிகள், மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளரும், அதற்கு மேற்பட்ட 20 குழந்தைகளுக்கு ஒரு பணியாளரும், அவர்களுடன் உதவியாளரும் இருக்க வேண்டும் என்கின்றன. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும். பத்துக்கு ஒன்று என்பது கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை எப்படிப்பட்டது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு முறை டயப்பர் மாற்ற 5 நிமிடம் என்றால் மூன்று முறைக்கு 15 நிமிடம். ஒரு முறை ஊட்ட 15 நிமிடம் என்றால் இரண்டு முறைக்கு 30 நிமிடம். ஒரு குழந்தைக்கு 45 நிமிடம். பத்துக் குழந்தைகளுக்கு 450 நிமிடம், அதாவது ஏழரை மணி நேரம். காப்பகத்தின் முழு வேலை நாளும் இதிலேயே முடிந்துவிடுகிறது. அழும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு நிமிடமும் மிஞ்சவில்லை. ஆகவே ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சேர்ப்பவர்கள் அரசு சொல்லும் விகிதத்தை மேல் எல்லையாகக் கொள்ள வேண்டுமே தவிர, போதுமான அளவாகக் கொள்ளக் கூடாது. விகிதத்தைக் கேட்கும்போது சமையல்காரர், காவலாளி, பொறுப்பாளர் ஆகியோரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பதே சரியானது.

அடுத்தது, அவர் எவ்வளவு காலம் நிலைத்திருப்பார் என்பது. 1989 இல் அமெரிக்காவில் வெளியான தேசியக் குழந்தைப் பராமரிப்புப் பணியாளர் ஆய்வு, குறைந்த சம்பளம் தரும் காப்பகங்களில் பணியாளர்கள் அடிக்கடி விலகுவதையும், அங்கு பராமரிப்பின் தரமும் தாழ்ந்திருப்பதையும் காட்டியது. கட்டணத்தில் எவ்வளவு ஆயாவின் கைக்குச் செல்கிறது என்று எந்தப் பெற்றோரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் கிடைக்காது. ஆனால் 'நீங்க இங்க எத்தனை வருசமா இருக்கீங்க?' என்று ஆயாவிடமே கேட்கலாம். எல்லாரும் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தால், குழந்தை பழகிய முகம் இன்னும் சில மாதங்களில் மாறிவிடும் என்று எதிர்பார்க்கலாம்.

பார்வையிடும் நேரம்

காலை பத்து மணிக்கு எல்லாக் காப்பகங்களும் நன்றாகவே இருக்கும். குழந்தைகள் குளித்துத் தலைவாரி வந்திருப்பார்கள், தரை துடைத்திருக்கும். மதிய உணவு நேரமும், குழந்தைகள் உறங்கி எழும் மூன்று, மூன்றரை மணியும்தான் உண்மையான சோதனை நேரங்கள். பலர் ஒரே நேரத்தில் அழுவார்கள், சிலர் நனைத்திருப்பார்கள், ஆயாக்கள் களைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் குரல் உயர்கிறதா, தொலைக்காட்சி போட்டுவிடப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பு 2019 இல் வெளியிட்ட பரிந்துரையாகும். மிகவும் அமைதியாக இருக்கும் காப்பகமும் ஐயத்துக்குரியதே. பதினைந்து குழந்தைகள் விழித்திருக்கும் அறையில் சத்தம் இருப்பதுதான் இயல்பு.

கண்காணிப்புப் படக்கருவி இருக்கிறது, கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பது இன்று பல காப்பகங்களின் முதன்மையான விளம்பரமாக உள்ளது. அதனால் ஓரளவு பயன் உண்டு. ஆனால் கழிவறையிலும் உடைமாற்றும் இடத்திலும் படக்கருவி இராது; இருக்கவும் கூடாது. பல கருவிகளில் ஒலி பதிவாவதில்லை. வேலை நடுவே பெற்றோர் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கவும் முடியாது. முன்னறிவிப்பின்றி எந்த நேரத்திலும் உள்ளே வரலாம் என்ற அனுமதி படக்கருவியைவிட வலுவான பாதுகாப்பாகும். குழந்தையை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, 'உள்ளே வந்தால் மற்றக் குழந்தைகள் அழும்' என்று கதவடைக்கும் காப்பகத்தை வேறு எதையும் பார்க்காமலே தவிர்த்துவிடலாம்.

கட்டடம்

2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் சமையலறையில் பிடித்த தீ கூரைக் கொட்டகைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தனர். மாடியில் அளவுக்கு மீறிக் குழந்தைகள் அமர்த்தப்பட்டிருந்ததும், இறங்கக் குறுகிய படிக்கட்டு மட்டுமே இருந்ததும் உயிரிழப்பைப் பெருக்கின. அதன் பிறகு தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளுக்குக் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை கண்டிப்பாக்கப்பட்டன. குடியிருப்பு வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்தும் சிறு காப்பகத்தில் இச்சான்றுகள் இல்லாமல் போகலாம். கேட்டுப் பார்ப்பது பெற்றோரின் உரிமை.

சான்றிதழில் வராத ஆபத்துகளும் உண்டு. 2025 சனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் எல்.கே.ஜி. சிறுமி ஒருவர் விழுந்து இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் மழலையர் பள்ளி ஒன்றின் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து நான்கு வயதுச் சிறுமி இறந்தார். தமிழ்நாட்டு வீடுகளில் வாசலிலேயே நிலத்தடித் தொட்டி (சம்ப்) இருப்பது இயல்பு. அதன் மூடியைப் பார்வையிட வருபவர்கள் மிதித்துக்கொண்டுதான் உள்ளே செல்கிறார்கள். மூடி உள்ளதா என்பது மட்டும் போதாது. அது குழந்தையின் எடையைத் தாங்குமா, துருப்பிடித்துள்ளதா, பூட்டப்பட்டுள்ளதா என்று குனிந்து பார்க்க வேண்டும். குளியலறையில் நிரப்பி வைத்த வாளியும் இதே வகையைச் சேர்ந்தது. தவழும் வயதுக் குழந்தை தலைகுப்புற விழுந்தால், சிறிதளவு தண்ணீரிலிருந்தும் அதனால் எழ முடியாது, சத்தமும் வராது.

தரைத்தளம் சிறந்தது. மாடியில் இருந்தால் இரண்டாவது வழி எங்கே என்று கேட்க வேண்டும். வாசல் கதவின் தாழ் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருப்பது, எரிவாயு உருளை விளையாடும் அறையிலிருந்து விலகி இருப்பது, மின்செருகிகள் மூடப்பட்டிருப்பது, தோட்டத்தில் அரளிச் செடி இல்லாதிருப்பது ஆகியவை ஒரே சுற்றில் பார்த்துவிடக் கூடியவை.

உறக்கம்

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாந்த நிலையில், இறுக்கமான சமதளப் படுக்கையில், தலையணையும் பஞ்சுப் பொம்மைகளும் இல்லாமல் படுக்க வைக்க வேண்டும். 1990களில் பல நாடுகளில் இதற்காக நடந்த பரப்புரைகளுக்குப் பின், காரணம் தெரியாமல் தூக்கத்தில் ஏற்படும் குழந்தை இறப்புகள் பெருமளவு குறைந்தன. தமிழ்நாட்டில் பல காப்பகங்கள் சேலைத் தூளியைப் பயன்படுத்துகின்றன; வீட்டில் தூளியில் பழகிய குழந்தை தரையில் உறங்காது என்று பெற்றோரே கேட்பதும் உண்டு. ஆனால் வீட்டில் தூளிக்குப் பக்கத்தில் ஒருவர் எப்போதும் இருப்பார். காப்பகத்தில் நான்கு தூளிகளுக்கு ஒருவர் இருந்தால், துணி முகத்தை மூடினாலும், பெரிய குழந்தை ஒன்று துணியில் கழுத்தை நுழைத்து விளையாடினாலும் அவர் கண்ணில் படாமல் போகலாம். காப்பகத்துக்கு அனுப்பத் திட்டமிடும் பெற்றோர் சில வாரங்களுக்கு முன்பே குழந்தையைப் படுக்கையில் உறங்கப் பழக்குவது நல்லது.

உணவும் மருந்தும்

பெரும்பாலான காப்பகங்களுக்கு வீட்டிலிருந்தே உணவு கொடுத்தனுப்பப்படுகிறது. முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, கடினமான முறுக்குத் துண்டு ஆகியவை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சுக்குழாயை அடைக்கக் கூடியவை. ஒரு குழந்தையின் டப்பாவிலிருந்து இன்னொரு குழந்தை எடுத்துத் தின்பது நடக்கும் என்பதால், இதில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே விதி தேவை. ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கக் கூடாது. தாய்ப்பாலைப் பிழிந்து கொடுத்தனுப்பினால் அது குளிர்பதனப் பெட்டியில் வைக்கப்பட வேண்டும். தமிழ்நாட்டு வெயிலில் வெளியே வைப்பது பாதுகாப்பன்று.

மருந்தைப் பற்றிப் பேசக் காப்பகங்களும் பெற்றோரும் தயங்குகின்றனர். சளி, இருமல் மருந்துகள் சில தூக்கம் வரவழைப்பவை. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் கலந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகம் 2023 டிசம்பரில் அறிவித்தது. குழந்தைகளை உறங்க வைப்பதற்காகவே இத்தகைய மருந்தைக் கொடுப்பது குற்றம். மருத்துவர் எழுதித் தந்து பெற்றோர் கையெழுத்திட்ட மருந்தைத் தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை என்று காப்பகம் எழுத்தில் தர வேண்டும். கொடுத்த நேரமும் அளவும் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும். மாலையில் குழந்தை நாள்தோறும் வழக்கத்துக்கு மாறான மயக்கத்தோடு வீடு திரும்பினால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காப்பகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில் சளியும் காய்ச்சலும் அடிக்கடி வருவது இயல்பு. அதற்காகக் காப்பகத்தைக் குறை சொல்ல இயலாது. டயப்பர் மாற்றிய பின் ஆயா சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பழகும் காலம்

எட்டு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை பிரிவு அச்சம் மிகுந்திருக்கும். முதல் நாளே எட்டு மணி நேரம் விட்டுச் செல்வது குழந்தைக்குப் பெரிய அதிர்ச்சி. முதல் சில நாள்கள் தாயோ தந்தையோ உடனிருந்து, பிறகு அரைமணி, ஒரு மணி என்று பிரிவை நீட்டுவதே சரியான முறையாகும். செருமனியில் இது காப்பகங்களின் வழக்கமான நடைமுறையாகவே உள்ளது. இங்கு பெற்றோருக்கு விடுப்பு கிடைக்காததும், உடனிருக்கக் காப்பகம் இடமளிக்காததும் தடைகளாக உள்ளன. குழந்தை அறியாமல் நழுவிச் செல்வது அப்போதைக்கு எளிதாகத் தோன்றினாலும், 'அம்மா எப்போது வேண்டுமானாலும் காணாமல் போவார்' என்று அது கற்றுக்கொள்கிறது. சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும்.

விடும்போது அழுது, சற்று நேரத்தில் விளையாடத் தொடங்கும் குழந்தையைப் பற்றிக் கவலை வேண்டாம். சில வாரங்கள் பழகிய பின்னும் ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு ஒடுங்குவது, உடை மாற்றும்போது வீட்டிலும் மிரள்வது, விளக்கம் தரப்படாத காயங்கள், பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சைக் குறைப்பது ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை.

காப்பகத்துக்கு அனுப்புவதே தவறு என்ற குற்ற உணர்வு தாய்மாரிடம் பரவலாக உள்ளது; உறவினர்களும் அதை வளர்ப்பதுண்டு. அமெரிக்காவில் 1991 இல் தொடங்கி 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வில், நல்ல தரமான பராமரிப்புப் பெற்ற குழந்தைகள் மொழித்திறனிலும் சிந்தனைத் திறனிலும் சற்று முன்னிலையில் இருந்தனர். காப்பகத்தைவிடக் குடும்பத்தின் தாக்கமே குழந்தையிடம் அதிகம் என்பதும் அதன் முடிவாகும்.

சட்டமும் அரசு ஏற்பாடுகளும்

2017 இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன்கள் சட்டம், முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பையும், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் காப்பக வசதியையும் கட்டாயமாக்கியது. தாய் நாளொன்றுக்கு நான்கு முறை காப்பகத்துக்குச் சென்று வரலாம். ஓய்வு இடைவேளையும் இதில் அடங்கும். 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வசதி இடம்பெற்றுள்ளது. பெண்கள் மட்டுமன்றி மொத்த ஊழியர் எண்ணிக்கையே இங்கு கணக்கு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பணியில் சேரும்போதே நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் இதை எழுத்தில் கேட்கலாம்.

அங்கன்வாடிகள் தமிழ்நாட்டில் 'குழந்தைகள் மையம்' என்ற பெயரில் 54,000க்கும் மேல் உள்ளன. அங்கு உணவும் முன்பருவக் கல்வியும் இலவசம். ஆயினும் மாலைவரை வேலை செய்யும் தாய்க்கு அவற்றின் நேரம் போதாது. இக்குறையைத் தீர்க்க ஒன்றிய அரசின் பால்னா திட்டத்தின் கீழ் ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரையிலான குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் இயங்கும் காப்பகங்கள் நடத்தப்படுகின்றன.

காப்பகப் பணியாளர் குழந்தையைத் துன்புறுத்தினால், 2015 ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுவரை கடுங்காவலும் ஐந்து இலட்சம் ரூபாய்வரை தண்டமும் விதிக்கலாம். பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்தாக வேண்டும். தன் நிறுவனத்தின் பெயர் கெடும் என்று மறைக்கும் பொறுப்பாளரும் தண்டனைக்குரியவர். குழந்தைகளுக்கான 1098 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். புகார் செய்யத் தாயோ தந்தையோதான் வேண்டும் என்பதில்லை. அதே காப்பகத்தில் வேலை செய்யும் ஆயாவும் அழைக்கலாம்.